டிப்பருக்கு வெளியில கிளட்ச் செட் வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

கேள்வி: "பத்து சக்கர டிப்பர் வெச்சிருக்கேன். கிருஷ்ணகிரி பக்கம் கிரஷர்ல ஜல்லி, எம் சாண்ட் ஏத்தி ஓசூர் சைட்டுகளுக்கு ஓடுது. புது கிளட்ச் போட்டு ஒரு வருஷம் ஆகல, மறுபடியும் ஸ்லிப் ஆகுது. கடைக்காரர் செராமிக் பிளேட் போடச் சொல்றார். ரீகண்டிஷன் செட் பாதி விலைக்கு வருது. எதை வாங்கட்டும்? இல்ல, டார்க் கன்வெர்ட்டர் வண்டிக்கே மாறிடலாமா?"

பதில்: கிருஷ்ணகிரியில லாரி பட்டறை வேலையிலேயே இருக்கறவன்ங்கிற முறையில சொல்றேன். கடைக்குப் போறதுக்கு முன்னாடி கியர்பாக்ஸை இறக்கி, பழைய பிளேட்டைக் கையில எடுத்துப் பாருங்க. எதை வாங்கணும்னு அதுதான் சொல்லும். நிறைய பேர் இதைச் செய்யறதே இல்ல. பழசைப் பழைய இரும்புல போட்டுட்டு, புதுசு வாங்கி மாட்டிட்டு, அதே சீக்கு திரும்பி வந்ததும் கம்பெனியைத் திட்டறாங்க.

பிளேட் மேல இருக்கற உரசற பட்டையான லைனிங் ரெண்டு பக்கமும் ஒரே சீரா ரிவெட் வரைக்கும் தேஞ்சிருந்தா அது நியாயமான தேய்மானம். உழைச்சு முடிஞ்ச பிளேட். வண்டியோட வந்த அதே ரகத்தையே வாங்கிப் போடலாம். ஆனா உங்களுக்கு ஒரு வருஷம்கூட வரலைங்கிறதால நான் எதிர்பார்க்கறது வேற: லைனிங் இன்னும் நல்ல தடிமனா இருக்கும், மேல்பரப்பு மட்டும் கருகி கண்ணாடி மாதிரி பளபளக்கும், பிளேட் உரசிப் பிடிக்கற இன்ஜின் சக்கரமான ஃப்ளைவீல்ல நீலம் நீலமா திட்டு விழுந்திருக்கும். தேயறதுக்கு முன்னாடியே சூட்டுல செத்த பிளேட் அது.

அந்தச் சூட்டுக்குக் காரணம் பல இருக்கு. முதல்ல பார்க்க வேண்டியது கிளட்ச் பூஸ்டர், பெடலை அமுக்கும்போது காத்தழுத்தத்துல உதவி செய்யற சாதனம். காலை எடுத்த பிறகும் பூஸ்டர் ராடு முழுசா பின்னுக்கு வரலைன்னா கிளட்ச்சை விடுவிக்கற ரிலீஸ் பேரிங், பிளேட்டை ஃப்ளைவீலோட அழுத்திப் பிடிக்கற பிரஷர் பிளேட்டோட விரல்களை லேசா அமுக்கிக்கிட்டே இருக்கும். டிரைவருக்கு எதுவும் தெரியாது, லோடோட ஏத்தம் ஏறும்போதெல்லாம் பிளேட் வழுக்கும். ஒருத்தர் பெடலை அமுக்கி விடட்டும், இன்னொருத்தர் கீழே படுத்து ராடு திரும்பறதைப் பார்க்கணும். அஞ்சு நிமிஷ வேலை. அடுத்தது ஆயில். நடுவுல ஷாஃப்ட் நுழையற பல்லு ஓட்டை, அதாவது ஸ்ப்ளைன் பக்கம் ஈரமா இருந்தா கியர்பாக்ஸ் ஷாஃப்ட் சீல், ஃப்ளைவீல் பக்கம் சிதறியிருந்தா இன்ஜின் பின் சீல். சீல் மாத்தாம பிளேட் மட்டும் மாத்தினா அந்தக் காசு வீண்.

மிச்சம் டிரைவர் கையில. கிருஷ்ணகிரி - ஓசூர் ரோட்டுல இருக்கற மேலுமலை ஏத்தத்துல டிராஃபிக் நின்னா பிரேக் பிடிக்காம ஹாஃப் கிளட்ச்லயே வண்டியை நிறுத்தி வைக்கிறது, லோடோட செகண்ட் கியர்ல எடுக்கறது, இது ரெண்டும் போதும் எந்த பிளேட்டையும் எரிக்க. சேலத்துல இருந்து தொப்பூர் ஏறி வர்ற வண்டிகளுக்கும் இதே கதைதான்.

இப்ப செராமிக். சூட்டைத் தாங்கும், கெட்டியாப் பிடிக்கும், அது உண்மை. குவாரிக்குள்ளேயே ஓடற வண்டிக்கு நானே போடச் சொல்லுவேன். ஆனா அது இதமாப் பிடிக்காது, டக்குனு பிடிக்கும். அந்த அடி புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ், பின் அச்சுல இருக்கற கிரவுன் பினியன் பல்சக்கரம் வரைக்கும் போகும். ஃப்ளைவீலையும் வேகமாத் தின்னும். ஓசூர் ஊருக்குள்ள நின்னு நின்னு எடுக்கற வண்டிக்கு அது சரிவராது. உங்க பழைய பிளேட்ல அடியை வாங்கிக்கற டேம்பர் ஸ்ப்ரிங் உடைஞ்சிருந்தா செராமிக் பேச்சே வேண்டாம், ஏற்கெனவே அடி வாங்கற வண்டி அது. பூஸ்டர்ல கோளாறை வெச்சுக்கிட்டு செராமிக் போட்டா, நோய் கொஞ்ச நாள் மறைஞ்சிருக்கும், அவ்வளவுதான்.

ரீகண்டிஷன்ல நான் ஒரு கோடு போட்டு வெச்சிருக்கேன். பிளேட்டோட நடுப் பாகமான ஹப்பும் ஸ்ப்ரிங்கும் நல்லா இருந்தா புது லைனிங் அடிச்ச பிளேட்டை லேசான லோடு வண்டிக்கு ஒத்துக்கலாம். பிரஷர் பிளேட் மட்டும் ரீகண்டிஷன் வேண்டவே வேண்டாம். சூடு பட்டா, அழுத்தம் தர்ற டயாஃப்ரம் ஸ்ப்ரிங் இறுக்கத்தை இழந்திருக்கும், மேல பெயிண்ட் அடிச்சா அது திரும்பி வராது. முகத்தை லேத்துல சீவியிருந்தா பிடி இன்னும் குறையும். டிப்பருக்கு அது ஆகாது.

ஆக, நீங்க வாங்க வேண்டியது பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூணும் ஒரே கம்பெனி செட், செராமிக் இல்லாத சாதாரண ஆர்கானிக் லைனிங். வண்டிக் கம்பெனி டப்பாவுலதான் வரணும்னு இல்ல. லூக், வேலியோ, சாக்ஸ் மாதிரி கிளட்ச் செய்யற கம்பெனிகளே சொந்தப் பேர்ல விக்கறாங்க. லூக் ஆலை நம்ம ஓசூர்லயே இருக்கு. 352, 380, 395, 430 மி.மீ.னு பல அளவு இருக்கறதால கண்ணால பார்த்து வாங்காதீங்க. சேஸ் நம்பர் கொடுத்து பார்ட் நம்பர் எடுங்க, பழைய பிளேட்டைக் கொண்டுபோய் ஸ்ப்ளைன் பல்லை எண்ணி ஒப்பிடுங்க. பில் தராத கடையில வாங்காதீங்க, பேர் போன கம்பெனி டப்பாவுல போலி நிறைய வருது.

ஃப்ளைவீல் பத்தி ஒண்ணு, பல பட்டறையில விட்டுடறாங்க. நீலத்திட்டோ முடி மாதிரி வெடிப்போ இருந்தா லேத்துல கொடுத்து சீவுவாங்க. பிரஷர் பிளேட் உட்கார்ற விளிம்பு உயரமா இருக்கற ஃப்ளைவீல்னா, உள்முகத்துல எவ்வளவு சீவினாங்களோ அதே அளவு விளிம்புலயும் சீவணும். இல்லன்னா புது செட்டுக்கும் முழுப் பிடி கிடைக்காது. வெடிப்பு ஆழமா இருந்தா சீவாதீங்க, மாத்திடுங்க. ஷாஃப்ட் முனையைத் தாங்கற ஸ்பைகாட் பேரிங்கும் அப்பவே புதுசு போட்டுடுங்க. கியர்பாக்ஸ் ஏத்தும்போது ஷாஃப்ட் ஹப்புக்குள்ள நுழைஞ்ச நிலையில பாரத்தை அதுமேல தொங்கவிடக் கூடாது. பிளேட் கோணிடும், அப்புறம் கியர் விழாது.

டார்க் கன்வெர்ட்டருக்கு வர்றேன். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல ஆயிலே சக்தியைக் கடத்தறதால, வண்டி எடுக்கும்போது தேயறதுக்கு அங்க பிளேட் இல்ல. கிளம்பும்போது இழுவையையும் கூட்டித் தரும். கிரஷர்ல ஓடற லோடர், ஜேசிபியில எல்லாம் அது இருக்கறது அதனாலதான். ஆனா வழுக்கற சூடு முழுக்க ஆயிலுக்குப் போகும், டீசலும் கூடுதலாக் குடிக்கும். நம்ம ஊர்ல ஆட்டோமேட்டிக்னு விக்கற லாரி பெரும்பாலும் ஏஎம்டி, அதாவது கிளட்ச்சையும் கியரையும் தானா இயக்கற சாதா கியர்பாக்ஸ். அதுக்குள்ள இதே கிளட்ச் பிளேட்தான், அமுக்கறது மட்டும் உங்க கால் இல்ல. உங்க வண்டியில கன்வெர்ட்டரைத் தனியா மாட்டவும் முடியாது, கியர்பாக்ஸே வேற வேணும். இந்தக் கோளாறுக்காக வண்டி மாத்தாதீங்க.

கியர்பாக்ஸ் இறக்கினதும் பழைய பிளேட்டை ரெண்டு பக்கமும், ஃப்ளைவீல் முகத்தையும் போட்டோ எடுத்துப் போடுங்க. பார்த்துட்டு சீலா பூஸ்டரானு சொல்றேன், அப்புறம் செட் வாங்கலாம்.