ஜீப்புக்கு டீசல் எஞ்சின் மாற்றலாமா?

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் வீட்டுப் பழைய பெட்ரோல் ஜீப்பில் ஏழு பேர் ஏறி சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போனால் காரையார் ஏற்றத்தில் திணறுகிறது. டீசல் எஞ்சின் மாற்றலாமா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: மாற்றலாம் தம்பி. ஆனால் எஞ்சின் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். டீசல் எஞ்சின் கனம். முன் ஸ்பிரிங், எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் எல்லாம் மாறும். குறைந்த சுற்றிலேயே இழுப்பதால் கியர்பாக்ஸும் அதற்கேற்றதாக வேண்டும்.

பலரும் மறப்பது பிரேக்கை. பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தில்தான், நம் மிதிக்கு வலு சேர்க்கும் பிரேக் பூஸ்டர் வேலை செய்கிறது. டீசலில் அது போதாது, தனி வேக்குவம் பம்ப் வேண்டும். என் வண்டிக்கு எஞ்சின் மாற்றிய பட்டறையில் அந்தப் பம்பிலிருந்து பூஸ்டருக்குப் போகும் குழாயை மாட்டாமலே விட்டுவிட்டார்கள். பாபநாசம் இறக்கத்தில் பெடல் கல்லாக இறுகிவிட்டது. பின்சீட்டில் அம்மா. இரண்டு காலாலும் மிதித்து, கைபிரேக்கை இழுத்து நிறுத்தினேன். இன்றும் அந்த வளைவில் கை வியர்க்கும்.

அப்புறம், வேலை தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அனுமதி வாங்குங்கள், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அதைக் கேட்கிறது. ஆர்.சி.யிலும் இன்சூரன்ஸிலும் எரிபொருளை மாற்றுங்கள்.

அதற்கும் முன்னால், இப்போதுள்ள எஞ்சினின் கம்ப்ரஷனையும் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) கிளட்ச் பிளேட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். திணறல் அங்கேயே இருக்கலாம்.