ஒரே நாள்ல மூணு இடம் சரிப்படுமா?

கேள்வி: லண்டன்ல மக வீட்டுக்கு ஒரு மாசம் போறோம். அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் லீவு இல்ல, அதனால எங்க ரெண்டு பேரையும் கோச் டூர்ல அனுப்பி வைக்கிறேங்கறா. வின்ட்சர் கோட்டை, ஸ்டோன்ஹெஞ்ச் கல் வட்டம், பாத்ங்கற ஊர் மூணும் ஒரே நாள்ல. வீட்டுக்காரருக்கு 68 வயசு, முட்டி வலி உண்டு. போலாமா?

பதில்: குரூப் டூர்ல போறது நல்ல யோசனைதாம்மா, தாராளமா போங்க, ஆனா இந்த மூணு இட டூர் மட்டும் வேண்டாம். லண்டன்ல இருந்து பாத் கிட்டத்தட்ட 185 கிலோமீட்டர், போக வரவே அஞ்சு மணி நேரத்துக்கு மேல சீட்ல உக்காந்திருக்கணும், போதாததுக்கு ஸ்டோன்ஹெஞ்ச் பக்கத்துல ஏ303 ரோடு போறதுக்கு ஒரு லேன் வர்றதுக்கு ஒரு லேன்தான், கோடைக்காலத்து சனி ஞாயிறுல வண்டி ஊர்ந்துதான் போகும். அங்க டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினா 45 நிமிஷம் பிரேக் எடுத்தே ஆகணும்னு சட்டம், அதை யாரும் மீற மாட்டாங்க. அப்போ ரோட்ல லேட் ஆச்சுன்னா எதுல கை வைப்பாங்க? நீங்க இறங்கி பாக்குற நேரத்துலதான். எத்தனை இடம்னு பாக்காதீங்க, ஒவ்வொரு இடத்துலயும் எவ்வளவு நேரம் விடுறாங்கன்னு கேட்டுட்டு புக் பண்ண சொல்லுங்க. என்ட்ரி டிக்கெட் சேர்த்தியா இல்லையான்னும் கேக்கணும், சில டூர்ல கோட்டை வாசல்ல இறக்கி விடுறதோட சரி. வின்ட்சர் கோட்டை செவ்வாய் புதன் லீவு, உள்ள இருக்கற செயின்ட் ஜார்ஜ் சேப்பல்ல ஞாயித்துக்கிழமை சுத்திப் பாக்க விட மாட்டாங்க, எலிசபெத் ராணி சமாதி அங்கதான் இருக்கு.

என்னைக் கேட்டா ஸ்டோன்ஹெஞ்சையும் சாலிஸ்பரியையும் சேர்த்து ஒரு நாள், அவ்வளவுதான். ரெண்டும் பக்கம் பக்கம். சாலிஸ்பரி கதீட்ரலை நிறைய பேர் விட்டுட்டு வந்துடறாங்க, எனக்கு அது பெரிய வருத்தம். 123 மீட்டர் கோபுரம், பிரிட்டன்லயே உசரமான சர்ச் கோபுரம் அதுதான். 1220ல அஸ்திவாரம் போட்டு, மெயின் கட்டடத்தை 38 வருஷத்துல முடிச்சுட்டாங்க, அஸ்திவாரம் நாலடி ஆழம்தான், அதுக்கப்புறம்தான் இந்த கோபுரத்தையே மேல ஏத்தினாங்க. நடுவுல நின்னு நாலு பெரிய தூணையும் கீழ இருந்து மேல வரைக்கும் கண்ணால தடவிக்கிட்டே போங்க, ஆறாயிரம் டன்னுக்கு மேல பாரம் தாங்கி தாங்கி வளைஞ்சு நிக்கிறது கண்ணுக்கே தெரியும். பக்கத்து மண்டபத்துல 1215ம் வருஷத்து மாக்னா கார்ட்டா சாசனம் வச்சிருக்காங்க, இன்னிக்கு மிச்சம் இருக்கற நாலு பிரதில நல்ல நிலைமைல இருக்கறது இதுதான்னு சொல்வாங்க. ஒரே ஒரு தோல், அதுல மூவாயிரத்து ஐநூறு லத்தீன் வார்த்தையை எறும்பு சாரை மாதிரி பொடிப்பொடியா எழுதியிருக்காங்க. ராஜாவும் சட்டத்துக்கு கட்டுப்பட்டவன்தான்னு எழுதி வாங்கின சாசனம் இத்தனை சின்னதான்னு தோணும். கோபுரத்து மேல ஏற 332 படி, வீட்டுக்காரரை ஏற விடாதீங்க, கீழயே பாக்க நிறைய இருக்கு.

பாத் போகணும்னா இன்னொரு நாள் லண்டன் பேடிங்டன் ஸ்டேஷன்ல இருந்து ட்ரெயின்ல போங்க, ஒன்றரை மணி நேரத்துல இறக்கி விட்டுடும். அங்க ரோமன் பாத்ஸ்ங்கற ரோமானியர் காலத்து குளியல் மண்டபத்துல 46 டிகிரில வெந்நீர் ஊத்து இன்னமும் வந்துக்கிட்டே இருக்கு, அந்த குளத்துல குளிக்க அனுமதி இல்ல. அங்க ஒண்ணை மறக்காம பாருங்க, துணி திருடு போனவங்க ஈயத்தகட்டுல சாமிக்கு எழுதிப் போட்ட சாபம், எடுத்தவன் ஆணோ பொண்ணோ அடிமையோ யாரா இருந்தாலும் விடாதேன்னு எழுதியிருக்காங்க, ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, படிச்சா அந்த மனுஷன் வயித்தெரிச்சல் அப்படியே தெரியுது.

கேள்வி: ஸ்டோன்ஹெஞ்சுக்கு போனா கயித்துக்கு இந்தப்பக்கம் நின்னுதான் பாக்கணுமாமே, அதுக்கு இவ்வளவு தூரம் போகணுமா?

பதில்: போகணும்ங்க. பார்க்கிங்ல இருந்து கல்லு ரெண்டு கிலோமீட்டர், ஷட்டில் பஸ் கொண்டு விடும், முட்டி வலிக்காரங்க கவலைப்பட வேண்டாம். கயித்தை ஒட்டின பாதைல முழுசா ஒரு சுத்து வாங்க, ஒரு இடத்துல கல்லு ரொம்பக் கிட்ட வரும். பெரிய கல்லு ஒவ்வொண்ணும் சராசரியா 25 டன், அதுல பெரும்பாலானது சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி இருந்து வந்தது, அதை விடுங்க. நடுவுல இருக்கற சின்ன நீலக்கல்லு வேல்ஸ்ல இருந்து வந்தது, 200 கிலோமீட்டருக்கு மேல. படுத்துக் கிடக்கற ஆல்டர் ஸ்டோன் ஸ்காட்லாந்து வடகிழக்குல இருந்து வந்ததுன்னு 2024லதான் கண்டுபிடிச்சாங்க, 700 கிலோமீட்டர் தாண்டி! அந்தக் காலத்துல இவ்வளவு பாடுபட்டிருக்காங்கன்னா அவங்களுக்கு அது எவ்வளவு முக்கியமா இருந்திருக்கணும். அதனாலதான் அங்க கைடோட போங்கன்னு சொல்றேன், சொல்ல ஆள் இல்லைன்னா போட்டோ எடுத்துட்டு அரை மணில திரும்பிடுவீங்க. உள்ள போயே பாக்கணும்னு ஆசை இருந்தா, பொதுநேரம் ஆரம்பிக்கறதுக்கு முன்னயும் முடிஞ்ச பிறகும் சின்ன குரூப்பா உள்ள விடுறாங்க, அப்பவும் கல்லைத் தொடக்கூடாது, முன்கூட்டியே புக் பண்ணிடணும்.

கேள்வி: கைடு வேகமா இங்கிலீஷ் பேசினா எங்களுக்கு புரியாதே?

பதில்: பஸ்ல முன் சீட்டா பிடிங்க, இறங்கி நடக்கும்போது கைடு பக்கத்துலயே போங்க, புரியலைன்னா தயங்காம கேளுங்க, சந்தோஷமாவே திருப்பிச் சொல்வாங்க. ப்ளூ பேட்ஜ் கைடு வர்ற டூரா பாத்து எடுக்க சொல்லுங்க, பரீட்சை எழுதி பாஸானவங்க அவங்க.

கேள்வி: நம்ம ஆளுங்க சம்பந்தப்பட்ட இடம் ஏதாவது அந்தப் பக்கம் உண்டா?

பதில்: லண்டனுக்கு தெற்கே கடலோர ஊரான பிரைட்டன்ல இருக்கற ராயல் பெவிலியன். முதல் உலகப்போர்ல காயம்பட்ட இந்திய சிப்பாய்களுக்கு 1914 கடைசில இருந்து 1916 ஆரம்பம் வரைக்கும் அந்த அரண்மனைதான் ஆஸ்பத்திரி. இறந்துபோன இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேரை ஊருக்கு வெளிய மேட்டுல தகனம் பண்ணினாங்க, அங்க 1921ல சத்ரின்னு ஒரு வெள்ளை மண்டபம் கட்டியிருக்காங்க. பெவிலியன் சில டூர்ல வரும், சத்ரி எந்த பெரிய கோச் டூர்லயும் பொதுவா வராது, ரோட்ல இருந்து புல்வெளிப் பாதைல ஏறி நடக்கணும். மாப்பிள்ளைக்கு ஒரு ஞாயித்துக்கிழமை ஒழிஞ்சா கார்ல கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க, மழை பெய்ஞ்ச மறுநாள் வேண்டாம், பாதை வழுக்கும்.