பணம் எப்படி ‘உணரப்படும்’?

கேள்வி: திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். இன்வாய்ஸ் தொகை இன்னும் ‘ரியலைஸ்’ ஆகவில்லை என்று வங்கியிலிருந்து ஆங்கிலத்தில் மின்னஞ்சல் வந்தது. முதலாளிக்குத் தமிழில் எழுத மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால், ‘தொகை உணரப்படவில்லை’ என்கிறது. ரியலைஸ் என்றால் உணர்வதுதானே?

பதில்: இங்கே இல்லை. ‘பணம் இன்னும் வசூலாகவில்லை’ என்று எழுதுங்கள், முதலாளிக்கு உடனே புரியும். ஏற்றுமதிப் பணம் வந்து சேர்ந்ததற்கான மின்னணுச் சான்றை (எலக்ட்ரானிக் பேங்க் ரியலைஸேஷன் சர்டிஃபிகேட்) தினமும் இ-பிஆர்சி என்கிறீர்களே, அதில் நடுவில் நிற்கும் ‘ஆர்’ இந்த ரியலைஸேஷன்தான்.

சொல்லின் அடி ‘ரியல்’. அதைத் தோண்டிக்கொண்டு போனால் லத்தீனில் ‘ரெஸ்’ என்ற சொல்லில் முட்டும். அதற்குப் பொருள் என்றும் சொத்து என்றும் அர்த்தம். நம்முடைய ‘பொருள்’ மாதிரியேதான். ‘ரியலைஸ்’ பிரெஞ்சு வழியாக 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, இல்லாததை உண்டாக்குவது என்றே பொருள்பட்டது. காசாக்குவதும் உணர்வதும் 18-ஆம் நூற்றாண்டில் சேர்ந்தவை. பள்ளிக்கூடத்தில் நாம் உணர்வதை மட்டும் படித்துவிட்டு வருகிறோம், அதுதான் வம்பு.

எந்த அர்த்தம் என்று தெரிய, அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். ‘தட்’ (that) என்று ஒரு வாக்கியம் தொடர்ந்தால் உணர்வது, புரிவது. கனவு, திட்டம் என்றால் நனவாவது, நிறைவேறுவது. பணம், சொத்து, பங்கு என்றால் கைக்கு வருவது. 100 ரூபாய்க்கு வாங்கிய பங்கு இன்று 140-க்குப் போகிறது; விற்காதவரை அந்த 40 ரூபாய் ஏட்டு லாபம், விற்றால்தான் ‘ரியலைஸ்டு’. பழைய சங்கிலியை எடுத்துக்கொண்டு நகைக்கடைக்குப் போனால் ‘வித்தா எவ்வளவு தேறும்?’ என்று கேட்போம் இல்லையா? அந்தத் ‘தேறும்’ இதற்கு அச்சு அசல். அகராதிகளின் ‘பணமாக்கு’வைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

மொழியியலாளர்கள் இதே சொல்லை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். பக்கம், பங்கு, பகல்: மூன்றிலும் ககரம்தான், வாயில் மூன்று விதமாக வருகிறது. அப்படி ஒலித்து வருவதும் அவர்களுக்கு ரியலைஸேஷன். அங்கே ‘உணர்தல்’ என்று போட்டால் ககரம் ஞானம் பெற்றுவிடும்.

அப்புறம் ஒன்று. அதே மின்னஞ்சல் ‘வி ரியலைஸ் தட்’ என்று தொடங்கியிருந்தால், அந்த ஒரு இடத்தில் செயலி சொன்னது சரி.