பறவை கழுத்தை நீட்டும் முன்பே துடுப்பை மடியில் வையுங்கள்

(பரங்கிப்பேட்டைப் பக்கம் வெள்ளாற்றுக் கழிமுகத்தில் பதினோரு வருடமாகத் தனியே கயாக் என்ற சிறு துடுப்புப் படகை ஓட்டிப் பறவைகளைப் படமெடுத்துவரும் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை, வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கயாக் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. எவ்வளவு மெதுவாகப் போனாலும் கொக்கு பறந்துவிடுகிறது. கரையில் நின்று எடுத்த படங்களே தேவலை என்று தோன்றுகிறது. எங்கே தவறு செய்கிறேன்?
– வாசகர், கடலூர்

மெதுவாகப் போகிறீர்கள், சரி. நேராகப் போகிறீர்களோ என்று சந்தேகப்படுகிறேன். தன்னைப் பார்த்து நேராக வரும் எதையும் கொக்கு தன்னைப் பிடிக்க வருவதாகத்தான் எடுத்துக்கொள்ளும். அதைத் தாண்டி வேறெங்கோ போகிறவர் மாதிரி சாய்வாகப் போங்கள். இன்னொன்று, துடுப்பு. தோளுக்கு மேல் தூக்கிப் போட்டால் ஈரத் தகடு வெயிலில் பளிச்சென்று மின்னும். அந்த மின்னல் நூறு மீட்டருக்கு அப்பாலும் பறவைக்குத் தெரியும். இடுப்பு உயரத்துக்கு மேல் போகாமல் தாழ்வாகப் போடப் பழகுங்கள்.

கடைசி முப்பது, நாற்பது மீட்டருக்குத் துடுப்பே வேண்டாம். மடியில் வைத்துவிட்டுப் படகைத் தண்ணீரிடமும் காற்றிடமும் விட்டுவிடுங்கள். இதற்கு முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். எங்கள் கரையில் மார்கழி, தை மாதங்களில் காலைச் சூரியன் தென்கிழக்கில் ஏறும். வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து வரும். ஓதம் ஏறும் வேளையானால் கடல் தண்ணீர் முகத்துவாரம் வழியாக மேற்கே உள்ளே வரும். ஆக, நீங்கள் கிழக்கே போய் நின்றுகொண்டால் வெளிச்சம், காற்று, நீரோட்டம் மூன்றும் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும். படகு தானாக மேற்கே மிதந்து வரும். பறவைகள் காற்றுக்கு எதிராகத்தான் இறங்கும், காற்றுக்கு எதிராகத்தான் எழும்பும். அதாவது உங்களைப் பார்த்தபடி. பறந்து போகும் பறவையின் பின்புறமே படத்தில் விழுகிறது என்று பலர் எழுதுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் காற்றுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து போகிறவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

ஓதம் தினமும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அதனால் காலை ஏழு மணி வெளிச்சமும் ஏறும் தண்ணீரும் சேர்ந்து கிடைப்பது மாதத்தில் ஏறத்தாழப் பாதி நாட்கள்தான். அந்த நாட்களை நான் காலண்டரில் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயம். பறவை பறப்பதற்கு முன் சொல்லிவிட்டுத்தான் பறக்கும். இரை தேடிக்கொண்டிருந்த கொக்கு நின்று கழுத்தை நிமிர்த்தினால் அது முதல் எச்சரிக்கை. இரண்டு எட்டு விலகி நடந்தால் இரண்டாவது. உடம்பைத் தாழ்த்தி எச்சமிட்டால் அடுத்த நொடி அது காற்றில் இருக்கும். கழுத்து நிமிர்ந்ததுமே நான் கேமராவைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கை தண்ணீரை மட்டும் தள்ளிப் பின்வாங்கிவிடுவேன். பெரும்பாலும் அது மறுபடி மீனைத் தேட ஆரம்பிக்கும். அதற்கு அப்புறம் கிடைக்கும் படம்தான் படம். மிரண்டு நிற்கும் கொக்குக்கும் தன் வேலையைப் பார்க்கும் கொக்குக்கும் உள்ள வித்தியாசம் கண்ணிலேயே தெரியும்.

ஓதம் முழுதாக ஏறியிருக்கும்போது மேட்டில் நெருக்கமாகக் கூடி நிற்கும் உள்ளான்களிடம் மட்டும் இந்த முறையில்கூடப் போகாதீர்கள். சேறு வெளியே தெரியும்போதுதான் அவற்றுக்குச் சாப்பாடு. தண்ணீர் ஏறிய நேரம் ஓய்வு. ஆர்க்டிக் சைபீரியாவில் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் வந்து, பங்குனியில் மறுபடி அங்கே கிளம்ப உடம்பில் கொழுப்பு சேர்த்துக்கொண்டிருக்கும் பறவைகள் அவற்றில் இருக்கின்றன. ஒவ்வொரு முறை கிளப்பிவிடும்போதும் அந்தச் சேமிப்பிலிருந்து கொஞ்சம் போகிறது.

பெரிய லென்ஸ் வாங்கலாமா? ஆடும் படகில் ஷட்டர் வேகம் எவ்வளவு வைக்க வேண்டும்?
– வாசகர், திருச்சி

வேண்டாம். 600 எம்எம் எஃப்/4 மாதிரி லென்ஸ்கள் மூன்று கிலோவுக்கு வரும். கயாக்கில் அதைத் தூக்கிக்கொண்டு உடம்பைத் திருப்பினால் படகும் கூடவே திரும்பும். 100-400 ஜூம் போதும். கயாக்கில் உட்கார்ந்தால் கண் தண்ணீரிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். அந்தத் தாழ்வான கோணத்தில் பறவைக்குப் பின்னால் இருப்பதெல்லாம் வெகுதூரம் தள்ளிப்போய்ப் பட்டுத் துணி மாதிரி மங்கிவிடும். கரையில் நிற்கிறவர் எத்தனை லட்சம் கொடுத்தாலும் அது வாய்க்காது.

உட்கார்ந்திருக்கும் பறவைக்கும் ஷட்டர் வேகத்தை 1/1000 நொடியைவிட மெதுவாக வைக்காதீர்கள். லென்ஸில் உள்ள நடுக்கம் குறைக்கும் வசதி உங்கள் கை நடுக்கத்தைப் பார்த்துக்கொள்ளும், படகின் உருளலை முழுதாகப் பார்த்துக்கொள்ளாது. கருப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்குமே, அதற்கு 1/2500. முழங்கைகளை முழங்காலில் ஊன்றிக்கொள்ளுங்கள். இருண்ட கண்டல் மரங்களுக்கு முன்னால் வெள்ளைக் கொக்கு நின்றால் கேமரா இருட்டைப் பார்த்து ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், இறகெல்லாம் சுண்ணாம்படித்த மாதிரி வெளுத்துவிடும். அப்போது வெளிச்ச அளவை முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி வெளிச்சம்) குறைத்து எடுங்கள்.

ஏசி அறையில் வைத்த கேமராவை விடியற்காலை அப்படியே எடுத்துப்போனால் லென்ஸ் முழுக்க வியர்த்துவிடும். நான் முந்தைய இரவே பையோடு திண்ணையில் வைத்துவிடுவேன்.

2017 தை மாதம், என் தோளுக்குப் பின்னால் ஒரு கருந்தலை மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. குளிர்காலத்தில் எங்கள் பக்கத்து அலையாத்திக் காடுகளுக்கு வரும் பறவை. கிழக்கே பார்த்திருந்த படகில் இடுப்பை மட்டும் மேற்கே திருப்பினேன். மறு விநாடி தண்ணீருக்குள் இருந்தேன். கேமராவை உடனே அணைத்து பேட்டரியைக் கழற்றியிருக்க வேண்டும். பதற்றத்தில் வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன். உப்புத் தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்தால் உள்ளே எல்லாம் அரித்துவிடும். அது திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து பின்னால் வரும் பறவைக்கு நான் திரும்புவதில்லை. துடுப்பால் படகைத் திருப்புவேன், அதற்குள் பறந்துவிட்டால் போகட்டும்.

வேடந்தாங்கல் ஏரியில் கயாக்கில் போய்க் கூடுகளைக் கிட்டத்தில் எடுக்க அனுமதி கிடைக்குமா?
– வாசகர், தாம்பரம்

கிடைத்தாலும் போகக் கூடாது என்பேன். முப்பது ஹெக்டேர் அளவுள்ள சின்ன ஏரி அது. தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் ஆயிரக்கணக்கான கூடுகள். படகு ஒன்று நடுவே நுழைந்தால் தாய்ப்பறவைகள் எழும்பும். பத்து நிமிடம் வெயில் பட்டாலே முட்டையும் இறகு முளைக்காத குஞ்சும் தாங்காது. காக்கைகள் அந்தப் பத்து நிமிடத்துக்காகவே காத்திருக்கும். துப்பாக்கிகளிடமிருந்து இந்தப் பறவைகளைக் காப்பாற்ற 1798லேயே செங்கல்பட்டு கலெக்டரிடம் உத்தரவு வாங்கிய ஊர் அது. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அந்த விவசாயிகளுக்குத் தெரிந்திருந்தது. கண்காணிப்புக் கோபுரத்திலிருந்து எடுங்கள். நத்தைகுத்தி நாரை குச்சியை அலகில் கவ்விக்கொண்டு வருவது அங்கிருந்தே அழகாகக் கிடைக்கும்.

சரணாலயம் எதுவானாலும் உள்ளே போக, படமெடுக்க வனத்துறையின் அனுமதி வேண்டும், 1972ஆம் வருடச் சட்டம் அது. பிச்சாவரமும் காப்புக்காடு. கேட்காமல் சொந்தப் படகை இறக்காதீர்கள்.

நான் பெண், வயது 34. தனியாகப் போக ஆசை. வீட்டில் பயப்படுகிறார்கள். நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?
– வாசகி, சிதம்பரம்

வீட்டில் பயப்படுவது நியாயம்தான். அந்தப் பயத்துக்கு ஒவ்வொன்றாகப் பதில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். முதலில், நீங்கள் சிதம்பரத்துக்காரர் என்பதால் சொல்கிறேன்: பக்கத்தில் பழைய கொள்ளிடம் ஆற்றில் முதலைகள் இருக்கின்றன, ஆட்களைக் கடித்தும் இருக்கின்றன. அங்கே கயாக் வேண்டவே வேண்டாம்.

இடுப்பளவு தண்ணீரில் ஒரு தோழியை நிறுத்திவைத்துக்கொண்டு படகைக் கவிழ்த்து மறுபடி ஏறுங்கள். பத்து முறை. அது கை வராமல் கேமராவைத் தொடாதீர்கள். உயிர்காப்புச் சட்டையைப் படகில் வைப்பது வேறு, உடம்பில் போடுவது வேறு. விசிலும், தண்ணீர் புகாத உறையில் போனும் படகில் இல்லாமல் உங்கள் உடம்பில் இருக்க வேண்டும். கவிழ்ந்தால் காற்றில் படகு உங்களைவிட வேகமாகப் போய்விடும். தண்ணீர் வற்றும் நேரத்தில் முகத்துவாரத்துப் பக்கம் போகாதீர்கள், மேற்கிலிருந்து மேல்காற்று அடிக்கும் மாதங்களில் இன்னும் கவனம். இரண்டும் சேர்ந்தால் கடலுக்குத்தான் தள்ளும்.

துறையில் இருக்கும் மீனவர்களிடம் பேசிப் பழகுங்கள். வலை எங்கே கட்டியிருக்கிறார்கள் என்று தினமும் கேட்டுவிட்டுத்தான் நான் இறங்குவேன். வலைகட்டும் அண்ணன் ஒருவர் தூரத்திலிருந்தே, "டீச்சர், வத்தம் புடிச்சிடுச்சு, திரும்புங்க!" என்று குரல் கொடுப்பார். அப்போது எதிரே எந்தப் பறவை இருந்தாலும் திரும்பிவிடுவேன்.

எந்த வழியாகப் போகிறேன், எத்தனை மணிக்குக் கரையேறுவேன் என்று எழுதி என் அம்மாவிடம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். அம்மாவுக்கு வயது 81. ஒன்பதரை என்று எழுதியிருந்தால் ஒன்பதரைக்குப் போன். படகைத் தூக்கி வைப்பது, கேமராவை நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் துடைப்பது எல்லாம் அதற்கு அப்புறம்தான்.