கிராமத்துக்கு வெள்ளத் தடுப்பு அணை கட்டப் பிரதேச சபை அனுமதி மட்டும் போதுமா?

போதாது. மாரியில் ஆற்று வெள்ளம் ஏறும் வட இலங்கையின் வன்னிக் கிராமங்களில் பலர் முதலில் சபைக்குத்தான் ஓடுகிறார்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும் பிரதேச சபையின் கையில் இருப்பவை உள்ளூர் வீதி, வடிகான், கட்டட அனுமதி போன்றவைதான். குளமும் ஆறும் வேறு ஆட்களின் பொறுப்பு.

ஆகவே தண்ணீர் யாருடையது என்று முதலில் பாருங்கள். 80 ஹெக்டேயருக்குக் குறைவாகப் பாயும் சிறு குளமென்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களம்; அங்கே கமக்காரர் அமைப்பின் சம்மதம் இல்லாமல் ஒன்றும் நகராது. அதைவிடப் பெரிய குளமோ ஆறோ என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம்.

அடுத்தது காணி. அரச காணி என்றால் பிரதேச செயலாளர். வயலில் மண் கொட்டுவதானால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநலச் சட்டப்படி முன் அனுமதி வேண்டும். வன்னியில் வேலை அதிகம் இழுபடுவது காட்டில்தான். அணை வரும் நிலம் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்குள் இருந்தால் அவர்கள் அனுமதி தேவை. ஒரு ஹெக்டேயருக்கு மேல் காடு அழியுமென்றால் சுற்றாடல் மதிப்பீடும் சேரும். அணைக்குக் கிரவல் அகழத் தனி உரிமம் வேண்டும்.

அணை உங்கள் ஊரைக் காத்து, தண்ணீரைப் பக்கத்து ஊருக்குள் தள்ளக்கூடாது. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியதைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். கீழ்ப்புற ஊரவரையும் கூட்டத்துக்கு அழையுங்கள். கிராம அலுவலர் ஊடாக அனுமதி கேட்கும் கடிதத்தைச் சிறுபோகத்துக்கு முன்பே கொடுங்கள். மழை தொடங்கினால் மண்வேலை செய்ய முடியாது.