இறால் நீர் விட்டு ரப்பர் போல ஆகிவிடுகிறது: பதில்

வணக்கம். அரைக் கிலோ இறாலில் உப்பும் மசாலாவும் பிரட்டி ஒரு மணி நேரம் ஊற வைத்து, ஒரே சட்டியில் 15 நிமிடம் வறுத்தும், அது நீர் விட்டு ரப்பர் போல ஆகிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அந்த 15 நிமிடம்தான் கோளாறு; நடுத்தர இறாலுக்கு நன்றாகச் சூடேறிய சட்டியில் 3 முதல் 4 நிமிடங்களே போதும்.

உப்பு இறாலின் நீரை வெளியே இழுத்துவிடும் என்பதால், மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் மட்டும் பிரட்டி வைத்து, உப்பை அடுப்பில் ஏறும் நேரத்தில் சேருங்கள். கழுவிய இறாலைத் துணியால் ஒற்றி எடுப்பதைத் தயவுசெய்து தவிர்க்க வேண்டாம். உறைய வைத்த இறாலாக இருந்தால் இது இன்னும் அவசியம். சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, தக்காளி ஆகியவற்றை முதலில் வதக்கி, எண்ணெய் பிரிந்து ஓரங்களில் மினுங்கும்வரை பொறுத்திருந்து, அதன் பிறகே இறாலைப் பரப்பி, மூடி போடாமல், தீயைக் கூட்டி வையுங்கள். சாம்பல் நிறம் மாறி இளஞ்சிவப்பாகிப் பிறைபோல வளைந்ததும் அது வெந்துவிட்டது. முழு வட்டமாகச் சுருண்டிருந்தால் பதம் தாண்டிவிட்டது என்று பொருள். இரும்புச் சட்டி அடுப்பை அணைத்த பின்னும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், ஆகவே மிளகுத்தூளும் கறிவேப்பிலையும் தூவியவுடன் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.