மேஜருக்கு எதற்கு முதுமாணி?

வணக்கம் ஐயா,

பாதுகாப்புச் செலவு பற்றிய கட்டுரையில், படை அதிகாரிகள் முதுமாணி படிப்பதை ஆதரித்து எழுதியிருந்தீர்கள். ஆஸ்பத்திரியில் மருந்தை வெளியில் வாங்கச் சொல்கிறார்கள். இந்த நேரத்தில் ஒரு மேஜரைச் சம்பளத்தோடு படிக்க விடுவது நமக்குக் கட்டுப்படியாகுமா? பட்டம் பதவியுயர்வுக்குத்தானே உதவும்?

– சி., தெஹிவளை

அன்புள்ள சி.,

நியாயமான கேள்வி. செலவில் கட்டணம் சின்னப் பகுதிதான். சம்பளம் ஓடிக்கொண்டே இருக்கும், அவர் வேலையை இன்னொருவர் பார்க்க வேண்டும். படித்து முடித்த கையோடு ஓய்வு பெற்றுத் தனியார் கம்பனிக்குப் போய்விட்டால் அவ்வளவும் நட்டம். அதனால்தான் அமெரிக்கத் தரைப்படை, முழுச் செலவையும் ஏற்று அனுப்பும் அதிகாரியிடம் படித்த காலத்தைப் போல மூன்று மடங்கு சேவை கேட்கிறது.

வரவுக்கு வருவோம். பொறியியல், கணினி என்றால் பயன் கண்ணுக்குத் தெரியும். மற்றதைச் சொல்ல ஒரு வகுப்புக்குப் போக வேண்டும். சில வருடங்களுக்கு முன் கொழும்பில் சனிக்கிழமை முதுமாணி வகுப்பொன்றில் படிப்பித்தேன். பின்வரிசையில் ஓர் அதிகாரி. சாதாரண உடையில் வருவார், கொப்பியில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு எழுதுவார். ஒருநாள், போர்க்காலத்தில் படை எடுத்துக்கொண்ட காணிகளை மக்களுக்கு விடுவிப்பது பற்றிப் பேச்சு வந்தது. யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்குப் பிள்ளை ஒருத்தி, அம்மம்மா 1990இல் விட்டுவந்த வீட்டுக் கிணற்றைப் பற்றிச் சொன்னாள். அவர் பாதுகாப்புத் தேவை என்று விளக்கத் தொடங்கினார். "எந்த வருஷம் வரைக்கும், சேர்?" என்றாள். வகுப்பு ஆங்கிலத்தில், இருவருக்கும் அது இரண்டாம் மொழி. அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். இரண்டு கிழமை கழித்து அவர் தந்த கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

முகாமில் அப்படி அவரை யார் கேட்பது? நான் சொல்லும் வரவு அதுதான்.

அதனால் எங்கே படிக்கிறார் என்பது எனக்கு முக்கியம். இந்தியாவில் நீலகிரியில், படை அதிகாரிகளுக்கான வெலிங்டன் பணியாளர் கல்லூரியில் பயிற்சியோடு சேர்த்தே சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுமாணிப் பட்டம் கிடைக்கிறது. தனிச் செலவு குறைவு, நல்ல ஏற்பாடு. ஆனால் பக்கத்துக் கதிரையிலும் பெரும்பாலும் இன்னோர் அதிகாரிதான் இருப்பார். கிணற்றைப் பற்றிக் கேட்க அங்கே ஆள் இல்லை.

நம் தரைப்படையை 2030க்குள் ஒரு லட்சம் பேராகக் குறைப்பதாகப் பாதுகாப்பு அமைச்சு 2023 ஜனவரியில் அறிவித்தது. அதில் மிச்சமாகும் பணத்தில் வருடத்துக்கு ஓர் இருபது பேரையாவது கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பட்டும். மூன்று மடங்கு சேவைக்குப் பொண்ட் எழுதி வாங்கட்டும். மருந்துக் காசில் ஒரு சதமும் தொட வேண்டியதில்லை.